முற்றத்துப் பூவும் வாசற்காவலும்

தேயிலைத் தோட்டத்து லயமொன்றின் முன்னால், விடியற்காலையில் நாயொன்று இறந்து கிடக்கிறது. முதல்நாள் மாலைவரை ஓடியாடித் திரிந்த நாய் அது. உடலில் காயமில்லை, பாம்பு தீண்டிய அடையாளமுமில்லை, வாயோரத்தில் சிறிது நுரை மட்டுமே காணப்படுகிறது. பெரட்டுக்களத்திற்குப் புறப்படும் வேளையில் அங்கே கூடுவோர் மத்தியில் எழும் முதற் கேள்வி, "யார் மருந்து வைத்தது?" என்பதாகும். அடுத்த நொடியிலேயே விடையும் பிறந்துவிடுகிறது. போன வாரம் கோழிக்காகச் சண்டை பிடித்த அடுத்த வீட்டுக்காரர் மீதோ, நாய் குரைப்பதாகக் குறைகூறிய பின்வரிசைக்காரர் மீதோ பழி விழுகிறது. இரு குடும்பங்களுக்கிடையே பேச்சு நின்றுபோகிறது. ஆண்டுகள் கடந்தும் அப்பகை ஆறுவதில்லை.

நாய்க்கு நஞ்சு வைக்கும் கொடியோர் உலகில் இல்லையென்று சொல்வதற்கில்லை. பூச்சிகொல்லியும் எலிப்பாசாணமும் கவனமின்றிக் கிடப்பதாலும் நாய்கள் மடிகின்றன. ஆயினும், பழியைப் பிறர்மீது சுமத்துமுன் ஒருவர் தமது இஸ்தோப்பில் உள்ள பூச்சாடிகளையும், வாசலில் உள்ள வேலியையும் ஒருமுறை உற்று நோக்குவது நன்று. நாய்க்கு நஞ்சாகும் செடிகள் காட்டில் மட்டும் வளர்வனவல்ல. அழகுக்கென்று நட்டு, நாள்தோறும் நீரூற்றி வளர்க்கும் செடிகள் பலவற்றிலும் அந்நஞ்சு உண்டு.

நாய்க்கும் தமிழருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. அது பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. அதிலே வீரனின் உருவத்திற்கு அருகில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனுக்குக் காவலாய் நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. அரசர் பெயரோடு ஒரு நாயின் பெயரும் கல்லில் நிலைபெற்றது சிறிய செய்தியன்று. ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலும் நாயின் பணி அத்தகையதே. வீட்டார் அனைவரும் மலைக்குச் சென்றபின் பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்திருப்பதும், மரக்கறிப் பாத்திக்குள் நுழையும் காட்டுப்பன்றியைக் குரைத்து விரட்டுவதும் அதுவே. அத்தகைய காவலனை, வீட்டாரே வைத்த செடியொன்று கொல்லுமானால் அது அறியாமையால் நேர்ந்த இழப்பாகும்.

இச்செடிகள் மலைநாட்டுக்கு வந்த வரலாறு தோட்டங்களின் வரலாற்றோடு பிணைந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நுவரெலியாவிலிருந்து வெலிமடை நோக்கி இறங்கும் வழியில் உள்ள ஹக்கலைப் பூங்கா, சிங்கோனா மரத்தைப் பரீட்சிப்பதற்காக 1861இல் தொடங்கப்பட்டது. தென்னமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், ஆபிரிக்கா ஆகிய இடங்களின் செடிகள் இத்தகைய பூங்காக்களின் வழியாகவும், கப்பலில் வந்த துரைமாரின் கைகள் வழியாகவும் மலைகளில் பரவின. பயிரிடுவதற்கென வந்தவை சில. பங்களா முற்றத்தை அழகுபடுத்தவென வந்தவை பல. பங்களாத் தோட்டக்காரர் கவ்வாத்துச் செய்து எறிந்த தண்டுகள் பின்னர் லயத்து வாசல்களிலும் வேர்பிடித்தன. பழைய வண்ணப்பூச்சு வாளியிலும், உடைந்த பானையிலும், பால்மாத் தகரத்திலும் அவை தழைத்தன. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய நகரங்களின் வீடுகளிலும் அவையே அழகு செய்கின்றன. வழியோரமெங்கும் பூத்துக் கிடக்கும் நாயுண்ணிச் செடியும் 1826ஆம் ஆண்டளவில் பேராதனை வழியாக அழகுச்செடியாக வந்து, பின்னர் அடக்கமுடியாத களையாக மாறியதே. அதன் பசுங்காய்களும் இலைகளும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையவை.

நாய் ஊன் உண்ணும் விலங்காயிற்றே, அது செடியை ஏன் தின்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நாய் புல்லைக் கடித்து மெல்வதை யாவரும் கண்டிருப்பர். அது அதன் இயல்பு. மேலும், மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளுக்குப் பாற்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அக்காலத்தில் ஈறு தினவெடுப்பதால் செருப்பு, விறகு, செடித்தண்டு என அகப்பட்டதையெல்லாம் அவை கடிக்கின்றன. கட்டிவைக்கப்பட்ட நாய் பொழுது போகாமல் எட்டும் தூரத்திலுள்ள சாடியைக் கிளறுகிறது. ஐம்பது கிலோகிராம் எடையுள்ள மனிதருக்கு வயிற்றுவலியோடு முடிந்துவிடும் ஓர் அளவு, மூன்று கிலோகிராம் எடையுள்ள குட்டியின் உயிரையே கேட்கலாம். உடல் சிறியதானால் நஞ்சின் பங்கு பெரியது என்பதே இதன் கணக்கு.

இச்செடிகளை அவை செய்யும் தீங்கின்படி நான்கு வகையாகப் பிரித்து அறிந்துகொள்வது எளிது.

முதலாவது வகை, வாயைச் சுடுபவை. பச்சை இலையில் வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் தோன்றும் டிபன்பேக்கியா, சுவரில் படரும் மணிப் பிளாண்ட், செந்நிறத் தட்டுப்போலப் பூக்கும் அந்தூரியம், வண்ண இலையுடைய கெலேடியம், ஈரமான ஓடையோரங்களில் வெண்குவளை போலப் பூக்கும் கல்லா ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவையனைத்தும் சேம்பின் சுற்றமே. சேம்பங்கிழங்கை அரியும்போது கை தினவெடுப்பதையும், அதன் காறலைப் போக்கப் புளி சேர்த்து வேகவைப்பதையும் தமிழ்ப் பெண்மணிகள் நன்கறிவர். அத்தினவுக்குக் காரணம், செடியின் உயிரணுக்களுக்குள் கற்றையாகக் கட்டப்பட்டிருக்கும் கல்சியம் ஒட்சலேற்று என்னும் நுண்ணிய ஊசிகளாகும். நாய் இலையைக் கடித்தவுடன் அவ்வூசிகள் வெளிப்பட்டு நாக்கிலும் அண்ணத்திலும் தைக்கின்றன. வாய் வீங்குகிறது, எச்சில் நூலாய் ஒழுகுகிறது, நாய் முன்காலால் முகத்தைப் பிறாண்டுகிறது, குரல் அடைபடுகிறது. டிபன்பேக்கியாவுக்கு ஆங்கிலத்தில் ஊமைக் கரும்பு என்று பொருள்படும் பெயருண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளைத் தண்டிப்பதற்காக இதனை அவர்களின் வாயில் திணித்தனர் எனப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. நாயைப் பொறுத்தவரை, இவ்வகையால் மரணம் நேர்வது அரிது. முதற் கடியிலேயே வாய் எரிவதால் நாய் மேலும் தின்பதில்லை. தொண்டை வீங்கி மூச்சுத் தடைப்பட்டால் மட்டுமே உயிராபத்து உண்டாகும்.

இரண்டாவது வகை, இருதயத்தைத் தாக்குபவை. இவற்றில் முதன்மையானது அலரி. வெள்ளை, செம்மை, இளஞ்சிவப்பு நிறங்களில் பூக்கும் அலரியும், மணிபோன்ற மஞ்சட்பூவும் முக்கோண வடிவான பச்சைக் காயும் உடைய மஞ்சள் அலரியும் வெவ்வேறு இனங்களாயினும், நஞ்சின் செயல் ஒன்றே. 1785ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர், டிஜிட்டாலிஸ் என்னும் செடியின் இலையால் சில இருதய நோய்கள் தணிவதை நூலாக எழுதி வெளியிட்டார். அளவோடு கொடுத்தால் மருந்தாகவும், அளவு மிஞ்சினால் இருதயத்தை நிறுத்தும் நஞ்சாகவும் இருப்பது அப்பொருளின் தன்மை. அலரியில் உள்ள பொருள்களும் அத்தன்மையனவே. இலை, பூ, காய், பட்டை, வேர் எதுவும் விலக்கன்று. காய்ந்த சருகிலும் நஞ்சு நிலைத்திருக்கிறது. ஆகவே, அலரி வேலியை வெட்டியபின் சுள்ளிகளைக் குவித்து விடுவது, பச்சை வேலியை விடவும் ஆபத்தானது. காய்ந்தபின் கசப்புக் குறைவதால் விலங்குகள் அதனைத் தின்னக்கூடும். குச்சியை எறிந்து நாயோடு விளையாடும் சிறுவர் அலரிக் குச்சியை எடுத்தல் கூடாது.

அலரியைத் தின்ற நாய் முதலில் வாந்தியெடுக்கும், கழிச்சல் உண்டாகும். சில மணி நேரத்தில் நாடி மிக மெதுவாகவோ ஒழுங்கற்றோ துடிக்கும். கால்கள் குளிர்ந்து, நாய் எழ இயலாமல் சாயும். மஞ்சள் அலரியின் நஞ்சுக்கு ஆளான மனிதருக்கு, டிஜிட்டாலிஸ் நஞ்சை முறிக்கும் எதிருடற் பொருள் பயன்தருவதை இலங்கையில் நடந்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துக்காட்டியது. ஆயினும் அம்மருந்தின் விலை மிக அதிகம். மனிதருக்கே எட்டாத அது, தோட்டத்து நாய்க்கு எங்ஙனம் எட்டும்? ஆகவே தின்னாமற் காப்பதே இங்கு தலையாய மருந்து. இலையின் ஓரத்திலே குட்டிச்செடிகள் முளைக்கும் ரணகள்ளியும், அதன் இனமாகிய, சாடிகளில் கொத்தாகப் பூக்கும் கலஞ்சோவும் இதேபோல இருதயத்தைத் தாக்கும் பொருளுடையவை என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது வகை, மூளையையும் நரம்பையும் மயக்குபவை. மலைநாட்டு ஓடைக்கரைகளிலும் லயத்துக் கோடிகளிலும், நீண்ட வெண்மணிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டாற்போலப் பூக்கும் ஊமத்தை மரத்தை நேயர்கள் கண்டிருப்பர். மாலையில் அதன் மணம் பாதையெங்கும் கமழும். தென்னமெரிக்க மலைகளிலிருந்து வந்த அம்மரமும், தாழ்நிலத்தில் நிமிர்ந்து பூக்கும் முட்காய் ஊமத்தையும் அத்திரோப்பீன், ஸ்கோப்பொலமீன் ஆகிய நஞ்சுகளை உடையன. அவற்றை உண்ட நாயின் கண்மணி விரிந்துவிடும்; வெளிச்சம் கூசும்; வாய் வறளும்; இருதயம் விரைந்து துடிக்கும். அது தள்ளாடி நடக்கும். இல்லாததைக் கண்டதுபோல் மிரளும். வளர்த்தவரையே அறியாமல் உறுமும்.

இத்தகைய நாயைக் காணும் ஊரார் என்ன நினைப்பர்? "விசர் பிடித்துவிட்டது" என்றே நினைப்பர். தடியோடு துரத்துவர். அவ்வாறே, டிபன்பேக்கியாவைக் கடித்து எச்சில் ஒழுக நிற்கும் நாயும் விசர்நாயாகத் தோன்றும். செடியின் நஞ்சால் வாடும் நாய் அயலவரின் நஞ்சுக்கு இரையானதாகக் கருதப்படுவது ஒரு பிழை. விசர்நாய் எனக் கருதப்பட்டு அடியுண்டு இறப்பது மற்றொரு பிழை. ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. உண்மையிலேயே விசர் கொண்ட நாயைச் செடி தின்றதாக எண்ணி, அதன் வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும் செயலாகும். விசர்நோய் வெளிப்பட்டபின் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். ஆகவே, தடுப்பூசி போடப்படாத நாய் திடீரென நடத்தை மாறினால், அதனைத் தொடாமல், இயலுமாயின் ஓர் அறையில் அடைத்துவிட்டு, மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவித்தல் வேண்டும். கடியோ கீறலோ பட்டிருந்தால், அவ்விடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஆண்டுதோறும் தவறாமல் தடுப்பூசி பெற்ற நாய்க்கு இதிலும் ஒரு நன்மை உண்டு: அது நோயுற்றால், வீட்டார் அச்சமின்றி அதன் அருகே சென்று உதவ இயலும்.

நான்காவது வகை, மெல்லக் கொல்பவை. இவற்றில் கொடியது சைக்கஸ் என்னும் ஈந்து போன்ற செடி. பங்களா வாசற்படியின் இருமருங்கிலும், விடுதிகளின் முற்றங்களிலும் கிரீடம்போல் ஓலை விரித்து நிற்பது அதுவே. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. செந்நிற வித்தோ மிகக் கொடியது. ஓரிரு வித்துகளே ஒரு நாயைக் கொல்லப் போதுமானவை. முதலில் வாந்தி உண்டாகி, பின்னர் நாய் தேறிவிட்டதுபோலத் தோன்றும். வீட்டார் நிம்மதியடைவர். இரண்டு மூன்று நாட்களில் ஈறும் கண்ணும் மஞ்சளாகும். ஈரல் அழிந்துகொண்டிருப்பதன் அறிகுறி அது. அமெரிக்காவிலே வைத்திய உதவி பெற்ற நாய்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறந்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆமணக்கும் இவ்வகையினதே. அதன் வித்து முழுதாக விழுங்கப்பட்டால் சிலவேளை தீங்கின்றி வெளியேறும். மென்று உடைக்கப்பட்டால் ரிசின் என்னும் கொடிய நஞ்சு வெளிப்படும். எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் ஆமணக்குப் பிண்ணாக்கைப் பூச்செடிகளுக்கு உரமாக இடுவோர் உளர். அதன் மணம் நாயை ஈர்க்கும். நாய் மண்ணைக் கிளறி அதனைத் தின்னும். எண்ணெயில் இல்லாத நஞ்சு பிண்ணாக்கில் எஞ்சியிருக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார். கார்த்திகை மாதத்தில் தீச்சுடர்போலப் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கு, வத்தாளைக் கிழங்கென மயங்கத்தக்க தோற்றமுடையது. அதிலுள்ள கொல்கிசீன் குடலையும் எலும்புமச்சையையும் தாக்கும். மண்ணைத் தோண்டும் நாய்க்கு இக்கிழங்கு எட்டாதவாறு காத்தல் வேண்டும்.

இவை யாவற்றையும் கேட்ட நேயர்களுக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. ஊவா மலைகளை வாழவைக்கும் தேயிலையே நாய்க்கு நஞ்சாகும். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை மனித உடல் சில மணி நேரத்தில் எளிதாகக் கழித்துவிடுகிறது. நாயோ கஃபீனால் மனிதரிலும் கடுமையாகத் தாக்கப்படுகிறது. உலர்ந்த தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் கஃபீன் உண்டு. பத்துக் கிலோகிராம் எடையுள்ள நாயொன்று ஏழு கிராம் அளவு தேயிலைத்தூளைத் தின்றால் படபடப்பும் அமைதியின்மையும் தோன்றக்கூடும். இருபது கிராம் அளவைத் தாண்டினால் வலிப்புக் காணக்கூடும். நூறு கிராம் பொதியொன்றை முழுதாகத் தின்றால் உயிர் பிழைப்பது அரிது. செடியில் நிற்கும் கொழுந்தை நாய் தின்பது அரிது. ஆபத்து இருப்பது குசினியில் திறந்து கிடக்கும் தூள்பொதியிலே. சாயம் வடித்த சக்கையில் கஃபீன் குறைவு. ஆயினும் சீனியும் பாலும் கலந்த சக்கையை நாய் விரும்பித் தின்னும் ஆதலால், அதனை நாய் எட்டும் இடத்தில் கொட்டாதிருப்பது நன்று.

அச்சம் தேவையான இடத்தில் அச்சம் வேண்டும்; தேவையற்ற இடத்தில் அது சுமையாகும். நத்தார்க் காலத்தில் மேலிலைகள் செந்நிறமாகும் பொயின்செத்தியாவைப் பலர் கொடிய நஞ்சென அஞ்சுவர். மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்த அச்செடியின் பால் வாயையும் வயிற்றையும் சிறிது உறுத்துமேயன்றி, நாயைக் கொல்லும் வலிமையுடையதன்று. மலைநாட்டுக்கு அழகு செய்யும் ஹைட்ரேஞ்சியாவும் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு முடிந்துவிடும். விலங்குக்கு விலங்கு வேறுபாடும் உண்டு: லில்லிப்பூவின் சிறு துணுக்கும் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும்; நாய்க்கு அவ்வாறு நேர்வதில்லை. ரோசா, மல்லிகை, ஜெர்பரா, ஆபிரிக்க வயலட், ஓர்கிட், சாடியில் தொங்கும் பன்னம் ஆகியன நாய் வளர்க்கும் வீட்டுக்கு ஏற்றவை. ஆகவே நாய்க்காக முற்றத்தை வெறுமையாக்க வேண்டியதில்லை. எதனை எங்கே வைப்பது என்பதை அறிந்தாற் போதும்.

நாய் செடியைத் தின்றுவிட்டதென்று அறிந்தால் செய்யவேண்டியது யாது? முதலாவதாக, நாயைச் செடியிலிருந்து அகற்றி, வாயில் எஞ்சியுள்ள துணுக்குகளைக் கவனமாக எடுத்து, ஈரத்துணியாலோ நீராலோ வாயைக் கழுவல் வேண்டும். நீரைத் தொண்டைக்குள் ஊற்றாமல், தலையைத் தாழ்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் வழியவிடுவதே முறை. வாய் சுடும் வகையாயின், நாய் நன்கு விழுங்கும் நிலையில் இருந்தால், சிறிது தயிரோ பாலோ கொடுப்பது எரிவைத் தணிக்கும். இரண்டாவதாக, தின்ற செடியின் கிளையொன்றை இலை, பூ, காயோடு ஒடித்து வைத்துக்கொள்ளல் வேண்டும். நாய் வாந்தியெடுத்திருந்தால் அதிலும் சிறிது எடுத்துக்கொள்வது நன்று. எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால், வைத்தியரின் வேலையில் பாதி முடிந்தது எனலாம். மூன்றாவதாக, தாமதியாமல் மிருக வைத்தியரோடு தொடர்பு கொள்ளல் வேண்டும். நஞ்சை உறிஞ்சும் கரித்தூளைக் கொடுப்பதும், வாந்தியெடுக்கச் செய்வதா இல்லையா என முடிவு செய்வதும் அவருக்குரிய பணிகள்.

செய்யத்தகாதவையும் உண்டு. வாந்தியெடுக்கட்டும் என்று உப்புக்கரைசலைப் புகட்டுவது வழக்கிலுள்ள தவறு. மிகுந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தேங்காயெண்ணெய், பால், முட்டை, இளநீர் ஆகியவற்றை ஊற்றினால், அது நுரையீரலுக்குள் இறங்கி மூச்சை அடைக்கும். அன்பினால் செய்யும் இச்செயல் நஞ்சைவிட விரைவாக உயிரைப் பறிப்பதுண்டு. நாய் தேறிவிட்டதுபோலத் தோன்றினாலும் சைக்கஸ், ஆமணக்கு, அலரி ஆகியவற்றைத் தின்றிருந்தால் காத்திருத்தல் கூடாது.

இங்கே தோட்டங்களின் தூரத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும். மடுல்சீமையிலோ நமுனுகுலைச் சாரலிலோ உள்ள மேற்பிரிவு ஒன்றிலிருந்து அரச மிருக வைத்திய அலுவலகம் உள்ள ஊருக்கு இறங்கிவர நெடுநேரம் செல்லும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலையோ மலைகளைத் தாண்டி மற்றொரு மாகாணத்தில் உள்ளது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மண்சரிவினால் பாதை தடைப்படுவதும் உண்டு. இரவில் நாய் நஞ்சுண்டால் விடியும்வரை வழியில்லாத வீடுகள் பல. நகரத்து வீட்டில் வைத்தியரை நம்பி இருக்கலாம். தோட்டத்து வீட்டில் வருமுன் காப்பதையே நம்பவேண்டும்.

காப்பதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. டிபன்பேக்கியாவையும் மணிப் பிளாண்டையும் தரையிலிருந்து எடுத்து, குட்டிக்கு எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடலாம். அலரியையும் மஞ்சள் அலரியையும் நாய் கட்டும் இடத்திலிருந்தும், சிறுவர் விளையாடும் இடத்திலிருந்தும் அகற்றலாம். வெட்டிய கிளைகளை விறகோடு சேர்க்காமல் ஆழப் புதைத்துவிடலாம். அலரியின் புகையும் தீங்குடையதாதலால் அதனை அடுப்பில் எரித்தல் தகாது. சைக்கஸ் செடி காய்த்தால் வித்துகளை உடனுக்குடன் பொறுக்கி அகற்றலாம். தவறணையிலிருந்தோ சந்தையிலிருந்தோ புதிய செடியொன்றை வாங்கும்போது, அதன் அழகைக் கேட்பதோடு அதன் குணத்தையும் கேட்டறியலாம். குட்டிக்குப் பல் முளைக்கும் காலத்தில் கடிப்பதற்கென வேறொரு பொருளைக் கொடுக்கலாம். நாய்க்கு விலக்கான செடி தவழும் குழந்தைக்கும் விலக்கே ஆதலால், இக்காவல் இரு உயிர்களுக்கும் பயன்படும்.

இனி, தொடக்கத்தில் கூறிய அந்த லயத்து வாசலுக்கு மீண்டும் வருவோர், அங்கே பழி சொல்லுமுன் சில கேள்விகளைக் கேட்பர். முதல்நாள் வேலி வெட்டப்பட்டதா? சாடியிலுள்ள செடியில் கடித்த அடையாளம் உண்டா? பிண்ணாக்கு இட்ட பாத்தி கிளறப்பட்டுள்ளதா? நாயின் வாயிலும் வாந்தியிலும் இலைத்துணுக்கு உண்டா? இக்கேள்விகளுக்கு விடை இல்லையென்றால், வைத்தியர் கொண்டு காரணத்தை அறியலாம். விடை உண்டென்றால், அடுத்த வீட்டுக்காரரின் கதவைத் தட்டவேண்டிய காரணம் சண்டையன்று. அவர் வீட்டு இஸ்தோப்பிலும் அதே செடி நிற்கக்கூடும். அவர் வீட்டு நாய்க்குட்டிக்கும் அதே பற்கள் முளைத்துக்கொண்டிருக்கக்கூடும். அதனைச் சொல்லி எச்சரிப்பதற்காகவே அக்கதவைத் தட்டுதல் வேண்டும்.